கருப்பொருள்

பள்ளித் தேர்வில் ‘பத்தியின் கருப்பொருளை எழுதுக’ என்றால் மாணவர் தேடுவது மையக்கருத்தை. தொல்காப்பியம் இச்சொல்லை ஆண்ட விதமே வேறு. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என நிலத்துக்கு உரியவற்றைத்தான் அது ‘கரு’ என்றது. பின்வந்த இலக்கண நூலான நம்பியகப்பொருள் இவற்றை 14 ஆக விரித்தது.

இவற்றுக்கு மாறாக, பாட்டின் உயிரான கூடல், பிரிவு, ஊடல் முதலியவை உரிப்பொருள். ‘கரு’ என்பதற்குச் சூல் என்ற பொருளும் இருப்பதால், உள்ளே உறையும் கருத்துக்கும் அச்சொல் பின்னாளில் பொருந்திவிட்டது.

கரு, உரி என்ற பழைய பகுப்பு இன்றைய வாசிப்புக்கும் அருமையாக உதவும். ஏரி பற்றிய பத்தியில் நாரை, ஆகாயத்தாமரை, உடைந்த மதகு எல்லாம் வரலாம், அவை கரு. தூர்வாராததால் கடைமடை வயல் காய்கிறது என்ற வரியே உரி. நாரையை நீக்கினாலும் பத்தி நிற்கும். இந்த வரியை எடுத்தால் மற்றவை சிதறிப்போகும்.