போதையிலிருந்து மீண்டவர் தங்கும் வீடு: அதற்கு எதற்குச் சான்றிதழ்?

விமான டிக்கெட் இலவசம். தங்க இடம் இலவசம். கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு. நீங்க செய்ய வேண்டியதெல்லாம் ஃபுளோரிடாவுக்கு வந்து ஒரு வீட்டில் தங்கிக்கொள்வது மட்டும்தான்.

சுமார் பத்தாண்டுக்கு முன்னர் போதைப்பழக்கத்தை விட முயன்றுகொண்டிருந்த பல அமெரிக்க இளையர்களுக்கு இப்படித்தான் அழைப்பு வந்தது. அதை நம்பிப் போன சிலர் உயிரோடு வீடு திரும்பவில்லை.

அந்த வீடுகளுக்கு 'சோபர் ஹோம்' என்று பெயர். இன்று ஃபுளோரிடாவில் அப்படியொரு வீட்டுக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. யார் தருவது? எதைப் பார்த்துத் தருவது?

அது என்ன வீடு?

மருத்துவமனை இல்லை. சிறையும் இல்லை. சிகிச்சை முடித்தவர்கள் சில மாதம் சேர்ந்து தங்கும் சாதாரண வீடு. வேலைக்குப் போகலாம், படிக்கலாம். வாடகையை அவங்கவங்களே கட்டணும். சமையல், துப்புரவு எல்லாம் முறைபோட்டு. மதுவும் போதைப்பொருளும் வாசலுக்குள் வரக்கூடாது.

சிகிச்சை முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போகலாமே என்று தோணும். ஆனால் பழைய புளோக், பழைய நண்பர்கள், பழைய ஃபோன் நம்பர் எல்லாம் அங்கேதான் இருக்கு. இன்னொரு ஆபத்தும் உண்டு. சில வாரம் போதைப்பொருளைத் தொடாமல் இருந்தால் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். முன்பு பழகிய அதே அளவை மறுபடியும் எடுத்தால் அது உயிரைப் பறிக்கலாம்.

நல்ல முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1975இல் மேரிலந்து மாநிலத்தில் தொடங்கிய 'ஆக்ஸ்ஃபர்ட் ஹவுஸ்' வீடுகளில் முதலாளி என்று யாரும் கிடையாது. குடியிருப்பவர்களே வாக்களித்து முடிவெடுக்கிறார்கள், செலவைப் பகிர்ந்துகொள்கிறார்கள். மறுபடியும் போதையைத் தொட்டவர் வெளியேற வேண்டும்.

அப்புறம் எங்கே தப்பு நடந்தது?

சிகிச்சை நிலையத்துக்கு உரிமம் வேண்டும். சோபர் ஹோம் சிகிச்சை தருவதில்லை. சட்டத்தின் பார்வையில் அது வெறும் வீடு. அதனால் யார் வேண்டுமானாலும் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, கட்டில்களைப் போட்டு, பெயர்ப்பலகை மாட்டிவிடலாம் என்ற நிலை.

'எங்க தெருவில் இந்த வீடு வேண்டாம்' என்று நகராட்சி தடுக்கவும் முடியாது. போதையிலிருந்து மீண்டுவருபவர்களுக்கு, உடற்குறையுள்ளோருக்கான வீட்டுரிமைப் பாதுகாப்பை 1988ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தருகிறது. அந்தப் பாதுகாப்பு நியாயமானதுதான். ஆனால் மோசடிக்காரர்களும் அதன் நிழலில் ஒதுங்கிக்கொண்டார்கள்.

அடுத்தது காப்புறுதிப் பணம். அமெரிக்காவின் 2010 சுகாதாரச் சட்டப்படி, 26 வயதுவரை பெற்றோரின் காப்புறுதியிலேயே பிள்ளைகள் இருக்கலாம். ஆக, போதைப்பழக்கமுள்ள ஓர் இளையர் வந்தால் கூடவே ஒரு காப்புறுதி அட்டையும் வரும். வீட்டுக்காரர் அவரை ஒரு சிகிச்சை நிலையத்துக்கு அனுப்புவார். நிலையம் அடிக்கடி சிறுநீர்ப் பரிசோதனை செய்து காப்புறுதி நிறுவனத்துக்குப் பெரிய பில் போடும். அதில் ஒரு பங்கு தரகாக வீட்டுக்காரருக்குத் திரும்பி வரும்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? அந்த இளையர் குணமாகிவிட்டால் வருமானம் நின்றுவிடும். மறுபடியும் போதைக்குள் விழுந்தால் பில் மறுபடியும் முதலிலிருந்து ஓடும். சிகிச்சை, வீடு, மீண்டும் போதை, மீண்டும் சிகிச்சை என்ற இந்தச் சுழலுக்கு 'ஃபுளோரிடா ஷஃபிள்' என்றே பெயர் வந்துவிட்டது.

பாம் பீச் வட்டாரத்தில் 2016இல் இதற்கென்றே தனி விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. சோபர் ஹோம்களையும் சிகிச்சை நிலையத்தையும் நடத்திய கென்னத் சாட்மன் என்பவருக்கு 2017இல் 27 ஆண்டுக்கும் மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தம்மிடம் தங்கியவர்கள் போதைப்பொருள் பயன்படுத்த விட்டதோடு, பெண்களைப் பாலியல் தொழிலிலும் தள்ளியவர் அவர்.

சான்றிதழ் வாங்க என்ன செய்யணும்?

ஃபுளோரிடா 2015இல் சட்டம் கொண்டுவந்தது. சான்றிதழ் கட்டாயம் இல்லை, விரும்பினால் வாங்கலாம். கேட்கும்போது பல்லில்லாத சட்டம் மாதிரி இருக்கும். ஆனால் பிடி வேறு இடத்தில் இருக்கு: 2016 ஜூலையிலிருந்து, உரிமம் பெற்ற சிகிச்சை நிலையங்கள் சான்றிதழ் இல்லாத வீட்டுக்கு நோயாளிகளை அனுப்பக்கூடாது. ஆள் வரும் வழியே அடைபட்டுவிடும் என்பதால் வீட்டுக்காரர்கள் தாங்களே வந்து விண்ணப்பிக்க வேண்டிய நிலை. நேரடியாகத் தடை போட்டிருந்தால் வழக்குதான் வந்திருக்கும். இது கெட்டிக்கார வழி.

சான்றிதழ் தருவது அரசாங்கம் அல்ல. ஃபுளோரிடா மீட்பு இல்லங்கள் சங்கம் அந்தப் பொறுப்பை ஏற்றிருக்கிறது. அதற்கு மேலே, 2011இல் உருவான ஒரு தேசியக் கூட்டணி அளவுகோல்களை வகுத்துத் தருகிறது.

விண்ணப்பத்தோடு ஒரு கட்டுத் தாள் போகணும். கட்டண விவரம், பாதியில் வெளியேறினால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பது, போதைப் பரிசோதனை எப்படி நடக்கும், ஒருவர் மறுபடியும் போதையைத் தொட்டால் என்ன செய்வார்கள், எந்த முறைப்படி வெளியேற்றுவார்கள், அண்டைவீட்டாரிடம் எப்படி நடந்துகொள்வார்கள்... எல்லாம் எழுத்தில். உரிமையாளரின் பின்னணிச் சோதனை, காப்புறுதிச் சான்று, தீப்பாதுகாப்புச் சோதனை இவையும் உண்டு. வீட்டைக் கவனிக்கும் நிர்வாகிக்குத் தனியாக ஒரு சான்றிதழ் வேண்டும்.

பிறகு நேரில் வந்து பார்ப்பார்கள். ஒரு கட்டிலுக்குக் குறைந்தது 50 சதுர அடி வேண்டும் என்கிறது தேசிய அளவுகோல். ஓர் ஒற்றைக் கட்டிலும் ஒரு சின்ன அலமாரியும் போட்டால் நிறைந்துவிடும் இடம்தான். ஆனால் ஓர் அறைக்குள் எட்டுப் பேரை அடைப்பதைத் தடுக்க அதுவே போதும். 6 பேருக்கு ஒரு கழிவறை, ஒரு குளியல் வசதி. புகை எச்சரிக்கைக் கருவி. அளவுக்கு மீறிப் போதை எடுத்தவரை மீட்க உதவும் நலோக்சோன் மருந்து கைக்கெட்டும் இடத்தில்.

சான்றிதழ் கிடைத்த பிறகும் ஆண்டுதோறும் சோதனை உண்டு. சான்றிதழ் இல்லாமலே இருப்பதுபோல் விளம்பரம் செய்தால் அது குற்றம்.

2018இல் மத்திய அரசாங்கமும் சேர்ந்துகொண்டது. சோபர் ஹோமுக்கோ சிகிச்சை நிலையத்துக்கோ ஆள்பிடித்துக் கொடுத்துத் தரகு வாங்கினால் 10 ஆண்டுவரை சிறை.

இனி எல்லாம் சரியா?

இல்லை. அரிஸோனா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போய், உரிமத்தையே கட்டாயமாக்கி 2018இல் சட்டம் இயற்றியது. இருந்தும் 2023 மே மாதம் அங்கே பெரும் மோசடி வெளிச்சத்துக்கு வந்தது. நவஹோ உள்ளிட்ட பூர்வகுடி மக்களை வேனில் ஏற்றிக்கொண்டு ஃபீனிக்ஸ் நகர வீடுகளில் தங்கவைத்து, தராத சிகிச்சைக்கெல்லாம் அரசாங்கச் சுகாதாரத் திட்டத்திடம் பணம் கறந்திருக்கிறார்கள். இழப்பு 200 கோடி டாலருக்கும் மேல் என்று மாநில அதிகாரிகள் மதிப்பிட்டார்கள். உரிமமே இல்லாத வீடுகள் பல. பில் வந்தபோது அதைக் கேட்டுப் பார்க்க ஆளில்லை.

100க்கும் அதிகமான நிறுவனங்களுக்குப் பணம் நிறுத்தப்பட்டதும் இன்னொரு சிக்கல். வீடுகள் ஒரேயடியாக மூடின. தங்கியிருந்தவர்கள் சொந்த ஊரிலிருந்து வெகு தொலைவில், தெருவில் நின்றார்கள்.

சிங்கப்பூரில் எப்படி?

இங்குள்ள 'ஹாஃப்வே ஹவுஸ்' வேறு மாதிரி. சிறைத்தண்டனையின் கடைசிப் பகுதியைச் சமூகத்தில் கழிப்பவர்களைச் சிறைத்துறை அங்கு அனுப்புகிறது. சமூக அமைப்புகள் நடத்துபவையும் உண்டு, அரசாங்கமே நடத்தும் சிலாராங் இல்லமும் உண்டு. யாரை எங்கே அனுப்புவது என்பது அதிகாரிகளின் கையில் இருப்பதால், தெருவில் ஆள்பிடிக்கும் தரகருக்கு அங்கே வேலை இல்லை.

அமெரிக்காவில் படிக்கும் நண்பருக்கோ உறவினருக்கோ இப்படியொரு வீடு தேவைப்பட்டால், அந்த மாநிலச் சங்கத்தின் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்க. மெத்தடோன், பியூப்ரனார்ஃபின் போன்ற மருந்துகளை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால், அதை ஏற்பார்களா என்றும் கேளுங்க. மருத்துவர் சொன்னபடி அந்த மருந்தைச் சாப்பிடுபவர்களுக்கும் உடற்குறையுள்ளோர் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று அமெரிக்க நீதித்துறை 2022இல் தெளிவுபடுத்தியது. இருந்தும் சில வீடுகள் அவர்களைச் சேர்ப்பதில்லை. வாடகையே வேண்டாம் என்று சொல்லும் வீடாக இருந்தால், அந்தப் பணத்தை யார் கட்டுகிறார்கள் என்று கேட்ட பிறகு பெட்டியைக் கட்டலாம்.