கள்ளியை அழித்த பூச்சிகள்

உழுபவனின் நிலத்தில் முள் முளைக்கும் என்பதைத் தொடக்க நூலின் மூன்றாம் அதிகாரமே நமக்கு அறிவித்துவிட்டது. அந்த முள் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு வரலாறு தரும் விடை சில வேளைகளில் வியப்புக்குரியது. நம் ஊர்களின் தரிசு நிலங்களிலும் வேலியோரங்களிலும் நாம் கண்டு பழகிய சப்பாத்திக்கள்ளி இந்த மண்ணில் தானாகத் தோன்றியதன்று. கடல் கடந்து வந்தது. அதை அழித்த பூச்சியும் கடல் கடந்தே வந்தது. இவ்விரண்டின் வரலாற்றிலும் மனிதரின் பேராசை உண்டு, பிழை உண்டு, பொறுமையும் உண்டு. ஏழையின் பசியும் அதில் உண்டு. ஆகவே அதை முழுமையாக அறிந்துகொள்வது நலம்.

கள்ளி இனங்களின் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ நாட்டில் கள்ளி மடல்களின்மேல் கொச்சினீல் என்னும் சிறு பூச்சி வாழ்கிறது. மாவு தூவியதுபோல் வெண்மையான மெழுகால் தன்னை மூடிக்கொண்டு மடலின் சாற்றை உறிஞ்சும் இப்பூச்சியை உலர்த்திப் பொடித்தால் மிக உயர்ந்த செந்நிறச் சாயம் கிடைக்கும். அச்சாயத்தின் வாணிகத்தை ஸ்பானியர் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகத் தம் கைக்குள் வைத்திருந்தனர். அதை உடைத்துத் தாமும் பொருள் ஈட்ட வேண்டும் என்பது கிழக்கிந்தியக் கம்பெனியாரின் நெடுநாள் ஆவல். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இம்முயற்சியில் பெரிதும் ஈடுபட்டார். பூச்சி வருவதற்கு முன்பே அதற்கு உணவாகக் கள்ளித் தோட்டம் ஒன்று சைதாப்பேட்டையில் அமைக்கப்பட்டது.

1795இல் நீல்சன் என்னும் படைத்தலைவர் பிரேசில் நாட்டிலிருந்து பூச்சிகளைக் கல்கத்தாவில் கொண்டுவந்து இறக்கினார். கம்பெனியார் மகிழ்ந்தனர். ஆனால் வந்தது அவர்கள் தேடிய பூச்சியன்று. தோற்றத்தில் ஒன்றுபோலவே இருந்தாலும் அது வேறோர் இனம். சாயமோ மிகத் தரம் குறைந்தது. பொன் விளையும் என்று எண்ணிய தொழில் நட்டத்தில் முடிந்தது. அத்துடன் வேறொன்றும் நிகழ்ந்தது. வளர்க்க வேண்டும் என்று கொண்டுவந்த பூச்சி, தனக்கு உணவளித்த கள்ளியையே அழிக்கத் தொடங்கியது. அது சென்ற இடமெல்லாம் கள்ளிப் புதர்கள் வாடிச் சரிந்தன.

சாய வாணிகத்தின் கண்ணுக்குப் பெருநட்டமாகத் தோன்றிய இக்காட்சி, முள்ளோடு போராடிக்கொண்டிருந்த நிலத்திற்கு நற்செய்தியாயிற்று. 1836ஆம் ஆண்டிற்கும் 1838ஆம் ஆண்டிற்கும் இடையே, கள்ளியை ஒழிக்கும் நோக்குடனேயே இப்பூச்சி தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஒரு களையை அடக்குவதற்கென்று மனிதர் ஒரு பூச்சியை வேண்டுமென்றே பயன்படுத்தி வெற்றி கண்டதற்கு உலக வரலாற்றில் இதுவே முதற் சான்று என்று அறிஞர் கூறுவர். 1865 வாக்கில் அதே பூச்சி இலங்கைக்கும் கொண்டுசெல்லப்பட்டு அங்கும் பயன் தந்தது.

ஆயினும் போராட்டம் அத்துடன் முடியவில்லை. நம் நாட்டில் பரவியிருந்தது ஒரே வகைக் கள்ளியன்று. முதற் பூச்சி ஒரு வகையை மட்டுமே உண்டது. நாகதாளி என்றும் வழங்கும், மஞ்சள் மலர் பூக்கும் மற்றொரு வகையை அது தீண்டவேயில்லை. சென்னை மாகாணத்தின் வறண்ட பகுதிகளில் இந்த இரண்டாம் வகை விளைநிலங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் விழுங்கிக்கொண்டே சென்றது. வெட்டிப் போட்டால் விழுந்த ஒவ்வொரு மடலும் வேரூன்றி மீண்டும் புதராகும். பறவைகள் பழத்தைத் தின்று விதையை வயல்தோறும் தூவும். பாம்பும் எலியும் பன்றியும் அதன் அடியில் குடிபுகும். சிறு உழவன் ஒருவன் தன் துண்டு நிலத்தை அதனிடமிருந்து மீட்பதற்குச் செலவிட வேண்டிய கூலி, அந்நிலம் தரும் விளைச்சலைவிட மிகுதியாக இருந்தது.

1926இல் வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மற்றொரு கொச்சினீல் இனம் இலங்கை வழியாகச் சென்னை மாகாணத்திற்கு வந்தது. பூச்சி பிடித்த மடல்களைக் கொண்டுபோய் நலமான புதர்களின்மேல் வைப்பதே செய்ய வேண்டிய வேலை. இளம் பூச்சிகள் மிகச் சிறியவை ஆதலால் காற்றே அவற்றை அடுத்த புதருக்கு ஏந்திச் செல்லும். ஐந்தாறு ஆண்டுகளுக்குள் சுமார் 40,000 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய ஒரு லட்சம் ஏக்கர் நிலம் கள்ளியின் பிடியிலிருந்து விடுபட்டது. அரிவாளும் நெருப்பும் செய்ய இயலாததை, குன்றிமணியைவிடச் சிறிய ஓர் உயிர் செய்து முடித்தது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. ஒரு செடி தன் தாயகத்தில் இருக்கும்போது அதை உண்ணும் பூச்சிகளும் அதைத் தாக்கும் நோய்களும் உடனிருந்து அதன் பெருக்கத்தை அளவோடு நிறுத்துகின்றன. அச்செடியை மட்டும் பிடுங்கி வேறொரு நாட்டில் நட்டால், எதிர்ப்பார் இன்றி அது வரம்பு மீறுகிறது. அதன் பழைய எதிரியைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து சேர்ப்பதே இம்முறையின் உட்பொருள். அவ்வெதிரி வேறு எதையும் உண்ணாததாக இருக்க வேண்டும் என்பது இதன் முதல் விதி. படைப்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரம்பு வைக்கப்பட்டுள்ளது என்று நம் முன்னோர் நம்பினார்களே, அந்த வரம்பை மீண்டும் கட்டும் வேலை என்று இதனைச் சொல்லலாம்.

நம் நாட்டு அனுபவம் தொலைவிலும் பயன்பட்டது. ஆஸ்திரேலியாவுக்கும் கள்ளி முதன்முதலில் வந்தது சாயத்தின் பொருட்டே. 1788இல் ஆளுநர் ஆர்தர் பிலிப் தம் கப்பல்களில் அதைக் கொண்டுசென்றார். பின்னர் அந்நாட்டில் பல வகைக் கள்ளிகள் பரவின. 1912இல் குவீன்ஸ்லாந்து அரசு அமைத்த ஆய்வுக்குழு உலகெங்கும் சுற்றியபோது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது. இங்கு முதல் வகைக் கள்ளியை அழித்த பூச்சியே அங்கும் அவ்வகையை அழித்தது. ஆனால் அந்நாட்டின் பெருங்கேடு வேறு வகைக் கள்ளியால் விளைந்தது. 1925 வாக்கில் அது ஏறத்தாழ 6 கோடி ஏக்கரை மூடியிருந்தது. குடும்பங்கள் பண்ணைகளைக் கைவிட்டு வெளியேறின. அவ்வாண்டு ஆலன் டாட் என்னும் அறிஞர் அர்ஜென்டினாவிலிருந்து சுமார் 2,750 அந்துப்பூச்சி முட்டைகளை அனுப்பிவைத்தார். அதன் புழுக்கள் பிற பயிர்களைத் தின்னுமா என்று பட்டினி போட்டுச் சோதித்த பின்னரே அவை வெளியில் விடப்பட்டன. அப்புழுக்கள் மடலைக் குடைந்து உட்புறத்தை அழுகச் செய்தன. 1930களின் நடுவிற்குள் பெரும்பகுதி நிலம் மீண்டது. பூனார்கா என்னும் சிற்றூர் மக்கள் 1936இல் திறந்த தங்கள் ஊர் மண்டபத்திற்கு அந்தப் பூச்சியின் பெயரையே சூட்டினர்.

இவ்வளவில் கதையை நிறுத்திவிட்டால் மகிழ்ச்சியோடு பக்கத்தைப் புரட்டிவிடலாம். ஆனால் வரலாற்றிற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அது மடகாஸ்கர் தீவின் தென்கோடியில் எழுதப்பட்டது.

மழை அரிதாகப் பெய்யும் அப்பகுதியில் அந்தாந்திரோய் என்னும் கால்நடை வளர்க்கும் மக்கள் வாழ்கின்றனர். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்த கள்ளி, காலப்போக்கில் அவர்கள் வாழ்வின் தூணாகிவிட்டது. அது அவர்களின் வேலி. அந்நியப் படை நுழையாமல் ஊரைக் காத்த அரண். கோடையில் அதன் பழம் மக்களுக்கு உணவு. முள்ளைத் தீயில் பொசுக்கிய மடல், மாடுகளுக்குத் தீவனமும் தண்ணீருமாக இருந்தது. குடியேற்ற ஆட்சியினரில் பலருக்கோ அது பயனற்ற களை. மக்களை ஆட்சிக்கு அடங்காமல் ஒளித்து வைக்கும் புதர். 1924இல் கொச்சினீல் பூச்சி அத்தீவின் தென்பகுதிக்குக் கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் கள்ளிக்காடுகள் அழிந்தன. தொடர்ந்து வந்த வறட்சியில் மாடுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. 1930ஆம் ஆண்டையொட்டி எழுந்த பஞ்சத்தில் மக்கள் பலர் இறந்தனர். எஞ்சியோர் பலர் கூலி வேலை தேடி ஊரைவிட்டுப் போயினர். இந்தப் பூச்சியை விடலாமா என்று அந்தாந்திரோய் மக்களை எவரும் கேட்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் மண்டபத்திற்குப் பெயர் பெற்ற அந்துப்பூச்சிக்கும் பிற்கதை உண்டு. 1957இல் கரீபியன் தீவான நெவிசில் அது விடப்பட்டது. அங்குள்ள கள்ளி மண்ணுக்குரியது, புதிதாக வந்தேறியதன்று. தீவுக்குத் தீவு பரவிய அப்பூச்சி 1989இல் அமெரிக்காவின் புளோரிடாவில் காணப்பட்டது. 2006இல் மெக்சிகோவின் தீவொன்றிலும் தென்பட்டு, பெருமுயற்சியால் ஒழிக்கப்பட்டது. கள்ளியை உணவாகப் பயிரிட்டு, நாட்டுக் கொடியிலும் பொறித்துள்ள மக்கள் மெக்சிகர். ஓரிடத்தில் மீட்பராக வந்த உயிர் மற்றோரிடத்தில் பகைவனாகிறது. அதற்கு எல்லைக்கோடு தெரியாது. ஒருமுறை விட்டபின் அதைத் திரும்ப அழைக்கவும் இயலாது.

மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறிய களைகளின் உவமையை நாம் ஆண்டுதோறும் கேட்கிறோம். களையைப் பறிக்கத் துடிக்கும் பணியாளரை நிலக்கிழார் தடுக்கிறார். களையோடு கோதுமையும் பிடுங்கப்பட்டுவிடும் என்பது அவர் கவலை. இதனை இறுதித் தீர்ப்பைப் பற்றிய படிப்பினையாக நாம் ஏற்பது முறையே. எனினும் அந்த நிலக்கிழாரின் கவலையில் உழவு தெரிந்த ஒருவரின் அறிவும் இருக்கிறது. இரண்டின் வேர்களும் மண்ணுக்கடியில் பின்னிக் கிடப்பதை அவர் அறிவார். மடகாஸ்கரில் கள்ளியின் வேரோடு பின்னிக் கிடந்தது ஒரு மக்களினத்தின் வாழ்வு. அதை ஆட்சியாளர் காணவில்லை.

இக்கேள்வி நம் வாசலிலும் நிற்கிறது. இராமநாதபுரம் சீமையை மூடியிருக்கும் சீமைக் கருவேல மரத்தை அகற்றுமாறு 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது நினைவிருக்கும். அம்மரம் நீர்நிலைகளையும் விளைநிலங்களையும் கெடுக்கிறது என்பது உண்மை. அதையே வெட்டி, மூட்டம் போட்டுக் கரி சுட்டு வயிறு வளர்க்கும் நிலமற்ற குடும்பங்கள் அங்கு ஏராளம் என்பதும் உண்மை. இம்மரத்தின் இனத்தோடு இதே இக்கட்டில் சிக்கிய தென்னாப்பிரிக்கா 1987இல் ஒரு நடுவழியைத் தேடியது. மரத்தைத் தொடாமல் விதையை மட்டும் தின்னும் வண்டுகளை அந்நாடு தேர்ந்தெடுத்தது. விறகும் நிழலும் தீவனமும் ஏழைக்கு எஞ்ச வேண்டும். பரவல் மட்டும் தணிய வேண்டும் என்பது நோக்கம். பரவலை நிறுத்த அவ்வண்டுகளால் முடியவில்லை. ஆயினும், அழிக்கும் முன் அதை நம்பி வாழ்வோரை எண்ணிப் பார்த்த அந்த முறைமை மதிக்கத்தக்கது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா, உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடல், பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் ஒருசேரக் கேட்க வேண்டும் என்கிறது. ஒரு நிலத்தில் எதைச் செய்வதாயினும் அங்கு வாழும் மக்களுக்கு அந்த ஆலோசனையில் தனியிடம் வேண்டும் என்றும் அது வலியுறுத்துகிறது. இருநூறு ஆண்டுக் கள்ளியின் கதை இப்போதனைக்கு உரையாக அமைகிறது. பூச்சியின் கண்ணுக்குக் களை என்றும் பயிர் என்றும் இல்லை. தனக்குரிய உணவு ஒன்றே உண்டு. களை எது என்று பெயரிடும் பொறுப்பு மனிதரிடம் விடப்பட்டுள்ளது. அப்பெயரைச் சூட்டுமுன், அந்நிலத்தில் விறகு பொறுக்குபவரிடமும் ஆடு மேய்ப்பவரிடமும் சென்று ஒரு வார்த்தை கேட்பது நம் கடமை.