ஹாஜியாரின் சிறு பெட்டி

மயிலாப்பூர்க் கச்சேரி வீதியில் ஜும்ஆப் பள்ளிவாசல் இருக்கிறது. அதே வீதியில், 1885 முதல் நாட்டு மருந்துச் சரக்குகளை விற்றுவரும் டப்பா செட்டி கடையும் இருக்கிறது. தொழுகை முடிந்து வருவோர் அக்கடையில் நின்று சுக்கும் திப்பிலியும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். ஹஜ்ஜுக்குப் புறப்படவிருந்த மூதாட்டியார் ஒருவர் அவ்வாறு வாங்கிய பொருள்களுடன் தம் மகனை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். ஒரு சிறு பெட்டியைத் திறந்து நம் முன் வைத்தார். உள்ளே மிஸ்வாக், சுருமாச் சிமிழ், சீப்பு, ஒரு குப்பி தேங்காயெண்ணெய், வாசனைச் சோப்பு, பொட்டலம் கட்டிய நலங்கு மாவு, மஞ்சள் நிற அமிர்தாஞ்சன் சிமிழ் ஆகியவை இருந்தன.

"ஹஜ்ரத், இஹ்ராம்ல குளிக்கவே கூடாதுன்னு ஒருத்தர் சொல்றாங்க. குளிக்கலாம், சோப்புதான் கூடாதுன்னு இன்னொருத்தர் சொல்றாங்க. நான் எதை எடுத்துக்கறது, எதை விடறது? தலைவலி வந்தா இந்தத் தைலம் இல்லாம எனக்கு முடியாது" என்றார்.

"கொஞ்சம் இருங்கள் அம்மா, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்" என்றோம். அன்று சுருக்கமாகச் சொன்ன விடையை ஈண்டு விரித்து எழுதுகிறோம். பயணியின் இச்சிறு பெட்டிக்கு நெடிய வரலாறு ஒன்று உண்டு. அதன் ஓர் ஏடு நம் மயிலாப்பூரிலேயே இருக்கிறது.

வெனிஸ் நகரத்து வணிகர் மார்க்கோ போலோ 1290-களில் மஅபர் என்று அரபியர் வழங்கிய நம் கிழக்குக் கரைக்கு வந்தார். புனித தோமையாரின் கல்லறை இருந்த சிற்றூரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவ்வூர் மயிலாப்பூரே என்பது ஆய்வாளர் கொள்கை. கிறித்தவர்களோடு முஸ்லிம்களும் அவ்விடத்தை மதித்து வந்துபோயினர் என்று அவர் குறிக்கிறார். அங்கு வந்த கிறித்தவப் பயணிகள் அவ்விடத்துச் செம்மண்ணைச் சிறிது எடுத்துச்சென்று, முறைக்காய்ச்சல் கண்டவர்க்கு நீரில் கலந்து கொடுத்தனராம். மயிலாப்பூரிலிருந்து பயணியின் பையில் ஏறிய பொருள்களுள் ஏட்டில் பதிவான மிகப் பழையது அம்மண் பொட்டலமாகவே இருக்கக்கூடும். இந்நாட்டார் ஆணும் பெண்ணும் நாள்தோறும் இருமுறை நீராடுவதையும், ஒவ்வொருவரும் தமக்கெனத் தனிக் குடிகலம் வைத்துக்கொண்டு, உதடு படாமல் தூக்கிப் பருகுவதையும் அவர் வியப்போடு எழுதியிருக்கிறார். நாளுக்கு இருமுறை நீராடிப் பழகிய நாட்டிலிருந்து நீர் அரிதான பாலைவெளிக்குச் செல்லும் பயணிக்குக் குளியலைப் பற்றிய கவலை பெரிதாகவே இருந்திருக்கும்.

அக்கவலை நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. ஸஹாபாப் பெருமக்களிடையேயும் எழுந்திருக்கிறது. மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையிலுள்ள அப்வா என்னுமிடத்தில், இஹ்ராம் பூண்டவர் தலையைக் கழுவலாமா என்பதில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களுக்கும் மிஸ்வர் இப்னு மக்ரமா (ரலி) அவர்களுக்கும் கருத்து வேறுபாடு உண்டாயிற்று. கழுவலாம் என்றார் முன்னவர்; கூடாது என்றார் பின்னவர். விடை அறிந்துவர அபூஅய்யூப் அல்அன்சாரீ (ரலி) அவர்களிடம் ஒருவர் அனுப்பப்பட்டார். அவர் சென்றபோது அபூஅய்யூப் (ரலி) அவர்கள் கிணற்றின் இரு தூண்களுக்கிடையே துணியால் மறைப்புக் கட்டிக் குளித்துக்கொண்டிருந்தார்கள். கேள்வியைச் செவியுற்றதும் தலை தெரியுமளவு துணியைத் தாழ்த்தினார்கள். நீர் வார்ப்பவரிடம் வார்க்கச் சொல்லி, இரு கைகளாலும் தலையை முன்னும் பின்னும் தேய்த்துக் காட்டினார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் இவ்வாறு செய்யத் தாம் கண்டதாகவும் கூறினார்கள். புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்செய்தி உள்ளது. இஹ்ராமில் குளிப்பதே கூடாது என்று மூதாட்டியாரிடம் சொன்னவருக்கு அப்வாவிலேயே விடை கிடைத்துவிட்டது.

ஆனால் நீராடுவது வேறு, மணம் பூசுவது வேறு. இஹ்ராமின் சட்டம் முழுவதும் இவ்வேறுபாட்டின் மீது நிற்கிறது. இஹ்ராம் பூணுமுன் பெருமானாருக்குத் தாம் நறுமணம் பூசிவிட்டதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பூண்ட பின்னரோ புதிதாக மணம் பூசுவதற்கு இடமில்லை. அரஃபாவில் ஒட்டகத்திலிருந்து விழுந்து இறந்த ஹாஜி ஒருவரின் செய்தியும் இங்கு நினைவுகூரத்தக்கது. அவரை நீராலும் இலந்தை இலையாலும் கழுவும்படியும், அவருடைய ஈராடைகளிலேயே கஃபனிடும்படியும், நறுமணம் பூசாதிருக்கும்படியும், தலையை மூடாதிருக்கும்படியும் பெருமானார் (ஸல்) கட்டளையிட்டார்கள். கியாம நாளில் அவர் தல்பியா முழங்கியவராக எழுப்பப்படுவார் என்பது அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அழுக்கு நீக்கும் இலை அவருக்கு ஆகும், மணம் ஆகாது.

ஸித்ர் என்னும் அந்த இலந்தை இலையை நம் வீடுகளில் மையித்துக் குளிப்பாட்டும்போது மட்டுமே பலர் நினைவுகூர்கின்றனர். அரபியருக்கு அது நாள்தோறும் தலைக்குத் தேய்க்கும் பொருள். நம் நாட்டில் அரப்பும் சீயக்காயும் எவ்வாறோ அவ்வாறு. இடித்துப் பொடித்து நீரில் குழைத்தால் நுரைக்கும்; தனக்கென மணம் பரப்பாது. இஹ்ராமில் அதைக் கொண்டு தலை கழுவலாம் என்றே ஷாஃபிஈ நூல்கள் கூறுகின்றன. நலங்கு மாவின் நிலை அதுவன்று. பூலாங்கிழங்கும் கிச்சிலிக்கிழங்கும் வெட்டிவேரும் ரோஜா மொட்டும் அதில் சேர்வது மணத்துக்காகவே. இஹ்ராமுக்கு முன் அது அழகிய பொருள். பின் விலக்கப்பட வேண்டியது. வெறும் பச்சைப்பயற்று மாவுக்கு அத்தடையில்லை. செல்வச் சீமான் வாங்கும் விலையுயர்ந்த சோப்பு ஆகாமற்போக, ஏழை வீட்டுப் பயற்று மாவு ஆகுமாயிருப்பதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

தேங்காயெண்ணெயைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் தாய்மார்கள் அதைத் தலைக்குத் தடவாமல் ஒருநாள் கழிப்பதும் அரிது. ஷாஃபிஈ மத்ஹபில், மணமற்ற எண்ணெயாயினும் இஹ்ராமில் தலைமுடிக்கும் தாடிக்கும் தடவுதல் கூடாது. உடலின் பிற இடங்களில் தடவலாம். ஹனஃபீ இமாம்களிடையே இதில் வேறு விவரங்கள் உள. தமிழகத்தில் இரு மத்ஹபினரும் இருப்பதால், அவரவர் தம் ஊர் ஆலிமிடம் புறப்படுமுன்பே கேட்டுக்கொள்ளல் நலம். சுருமா மணமற்றதாயின் தடையில்லை; அழகுக்காக இடுவது விரும்பத்தக்கதன்று. மிஸ்வாக்கிற்கு யாதொரு தடையுமில்லை.

இனி அமிர்தாஞ்சனத்துக்கு வருவோம். அதன் கதை சுவையானது. கிருஷ்ணா மாவட்டத்தைச் சேர்ந்த காசிநாதுனி நாகேஸ்வரராவ் பந்துலு 1893 இல் பம்பாயில் அத்தைலத்தைத் தொடங்கினார். பத்திரிகையாளராகவும் விடுதலைப் போராட்ட வீரராகவும் விளங்கிய அவர் 1914 இல் சென்னைக்கு வந்தார். 1936 இல் பொது நிறுவனமாகப் பதிவான அதன் தலைமையகம் நம் மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் அமைந்தது. அருகிலுள்ள பூங்காவும் நாகேஸ்வரராவ் பெயரையே தாங்கி நிற்கிறது. இசைக் கச்சேரிகளுக்கு வந்தோர்க்கு இலவசமாகக் கொடுத்தே அவர் அதைப் பரப்பினார் என்பர். இரயிலில் தலைவலி, பேருந்தில் குமட்டல், கப்பலில் மயக்கம் என்று எதற்கும் அதை நாடுவது நம் குடும்பங்களின் வழக்கமாயிற்று. அச்சிமிழ் இல்லாத பயணப் பெட்டியை நாம் கண்டது அரிது.

அத்தைலத்தின் காட்டம் கற்பூரத்தாலும் புதினா உப்பாலும் வருவது. சிக்கலும் அங்கேதான். காஃபூர் என்னும் கற்பூரம் சுமத்ராத் தீவிலிருந்து அரபு வணிகர்களின் மரக்கலங்களில் மேற்கே சென்ற விலைமதிப்பற்ற நறுமணப் பண்டம். சுவனவாசிகளின் பானத்தில் அது கலந்திருக்கும் என்று திருக்குர்ஆனின் 76 ஆம் அத்தியாயம் கூறுகிறது. பெருமானாரின் மகளாரது ஜனாஸாவை உம்மு அத்திய்யா (ரலி) முதலானோர் கழுவியபோது, இறுதி நீரில் கற்பூரம் சேர்க்கும்படி பணிக்கப்பட்டார்கள். ஆகவே ஃபிக்ஹு நூல்கள் அதைக் கஸ்தூரி, அம்பர் ஆகியவற்றின் வரிசையில் வைக்கின்றன. ஹனஃபீ நூல்கள் இன்னும் ஒருபடி மேலே சென்று, இத்தகைய தூய நறுமணப் பொருளை மருந்தாகப் பயன்படுத்தினாலும் பரிகாரம் உண்டு என்கின்றன. நம்மவர் கற்பூரத்தைத் தலைவலி மருந்தாகவே அறிந்திருப்பதால் அது நறுமணப் பொருள் என்ற எண்ணமே எழுவதில்லை. தலைவலி தாளாமல் தடவிக்கொண்டு, பரிகாரம் இருப்பதையே அறியாமல் ஊர் திரும்பியவர் எத்தனை பேரோ!

நோயாளியை மார்க்கம் கைவிட்டுவிட்டதா என்றால், இல்லை. ஹிஜ்ரி 6 ஆம் ஆண்டு, ஹுதைபிய்யாவில் கஅபு இப்னு உஜ்ரா (ரலி) அவர்களின் தலையிலிருந்து பேன்கள் முகத்தில் உதிர்ந்துகொண்டிருந்தன. இஹ்ராமில் முடி களைவது தடை. அந்நிலையைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள் தலையை மழித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஈடாக மூன்று நாள் நோன்பு, அல்லது ஆறு ஏழைகளுக்கு உணவு, அல்லது ஓர் ஆட்டைக் குர்பான் கொடுத்தல் என மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் செய்தார்கள். திருக்குர்ஆனின் 2:196 ஆம் வசனம் இது தொடர்பாகவே இறங்கியது. பேன் கடியால் அவதியுற்ற ஒரு பயணியின் துன்பத்துக்காக இறங்கிய சலுகை, உண்மையான நோயினால் மணமுள்ள மருந்தை நாடுவோர்க்கும் வழிகாட்டுகிறது. குற்றமில்லை, பரிகாரம் உண்டு.

பயணியின் தூய்மை அவரோடு மட்டும் நின்றுவிடும் செய்தியுமன்று. 1865 இல் ஹஜ்ஜுக் காலத்தில் பரவிய காலரா நோயால் மக்காவில் ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர் என்று மதிப்பிடப்பட்டது. அந்நோய் திரும்பிச் சென்ற கப்பல்களின் வழியே எகிப்துக்கும் ஐரோப்பாவுக்கும் பரவியது. அடுத்த ஆண்டே கான்ஸ்டாண்டிநோபிளில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. 1882 இல் செங்கடலிலுள்ள கமரான் தீவில் உதுமானிய அரசு தனிமைப்படுத்தும் நிலையத்தை அமைத்தது. 1871 இல் சென்னைக்கும் பம்பாய்க்கும் இருப்புப்பாதை இணைந்தபின், நம் பகுதி ஹாஜிகள் இரயிலில் பம்பாய் சென்று கப்பலேறினர். கமரானில் அவர்கள் இறக்கப்பட்டனர், குளிக்கவைக்கப்பட்டனர், அவர்களுடைய துணிமணிகள் நீராவிக் கலங்களில் இடப்பட்டன. பொத்திப் பொத்திக் கட்டிய மூட்டையை அந்நியர் அவிழ்த்துக் கொட்டுவதைக் கண்டு நின்ற மனிதரின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். யலம்லம் எல்லை கமரானுக்கு வடக்கே இருப்பதால், இஹ்ராம் பூணுவது அதன்பின் வருவதாயிற்று. அந்த ஒரு ஆறுதலாவது இருந்தது. இந்தியாவிலிருந்து கப்பல் வழி ஹஜ்ஜுப் பயணம் 1995 இல் முடிவுக்கு வந்தது.

இன்று மூட்டையை அவிழ்ப்பவர்கள் விமான நிலையத்தில் இருக்கிறார்கள். 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிபொருள் சதியொன்று வெளிப்பட்டது முதல், பன்னாட்டு விமானங்களில் கையோடு கொண்டுசெல்லும் திரவமும் களிம்பும் ஒவ்வொரு கலத்திலும் 100 மில்லிக்கு மேற்படலாகாது என்ற விதி பல நாடுகளில் வந்தது. இதில் ஹாஜிகள் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. பெரிய பெட்டியோ விமானத்தின் வயிற்றுக்குள் போய்விடும். மீகாத் எல்லையோ வானிலேயே கடந்துவிடும். ஆகவே இஹ்ராமில் வேண்டிய மணமற்ற சோப்பும் மிஸ்வாக்கும் கைப்பெட்டியில் இருக்கவேண்டும். விமானத்தில் பணிப்பெண்கள் நீட்டும் ஈரக்காகிதம் பெரும்பாலும் மணமூட்டியது. இஹ்ராமில் இருப்பவர் அதை வாங்கி முகம் துடைத்துவிடலாகாது. கஃபாவின் திரையிலும் ஹஜருல் அஸ்வத் கல்லிலும் நறுமணம் பூசப்பட்டிருக்கும் வேளைகள் உண்டு. ஆர்வத்தில் கையை அழுத்துவோர் இதை நினைவில் கொள்ளட்டும்.

மூதாட்டியாரின் பெட்டியை அன்று இரண்டாகப் பிரித்தோம். நம் நாட்டு ஹாஜிகளில் பெரும்பாலோர் தமத்துஉ முறையில் உம்ராவை முடித்து இஹ்ராமைக் களைந்து, துல்ஹஜ் 8 இல் மீண்டும் பூணுவதால், இடைப்பட்ட நாள்களுக்கு வாசனைச் சோப்பும் எண்ணெயும் தைலமும் உதவும். அவை பெரிய பெட்டிக்குப் போயின. மிஸ்வாக்கும் சுருமாவும் கைப்பெட்டியில் தங்கின. சீப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, "இது எதுல ஹஜ்ரத்?" என்றார். வாரும்போது முடி உதிரும் அச்சம் இருப்பதால் இஹ்ராமில் அதைத் தவிர்ப்பது நல்லது என்றோம். சீப்பும் பெரிய பெட்டிக்குள் போயிற்று. நலங்கு மாவுப் பொட்டலத்தை மருமகளுக்கென்று எடுத்து வைத்துவிட்டு, பச்சைப்பயறு அரைக் கிலோ வாங்கிவரும்படி மகனைக் கச்சேரி வீதிக்கு அனுப்பினார்.