முளையக் கலமும் ஊழும்

கருக்கட்டிய முட்டை ஒரு கலமே. அதிலிருந்தே தோலும் நரம்பும் தசையும் தோன்றுகின்றன. கலம் பிரியும்போதே ஊழும் பங்கிடப்பட்டு விடுகின்றதா? அன்றிப் பின்னர்தான் வந்து சேர்கின்றதா?

1888ஆம் ஆண்டில் ஜேர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் ரூ, இருகலப் பருவத்துத் தவளை முளையத்தின் ஒரு கலத்தைச் சுடுஊசியாற் குத்திக் கொன்றார். எஞ்சிய கலம் அரை முளையமாகவே வளர்ந்தது. ஊழ் தொடக்கத்திலேயே பங்கிடப்பட்டதென அவர் துணிந்தார். ஆனால், 1891இல் ஹான்ஸ் ட்றீஷ் கடல்முள்ளெலியின் இரு கலங்களைக் குலுக்கிப் பிரித்தபோது, ஒவ்வொன்றும் சிறியதாயினும் முழுமையான குடம்பியாயிற்று. ரூ இறந்த கலத்தை அகற்றாது விட்டமையே முரண்பாட்டின் காரணம். 1910இல் மக்ளெண்டன் தவளை முளையத்தில் ஒரு கலத்தை முற்றாக நீக்கியபோது, மற்றையது முழு முளையமாகவே வளர்ந்தது. செத்த அயலவனும் அயலவனே போலும்!

அயலின் வலிமையைத் தெளிவாகக் காட்டியவர் ஹான்ஸ் ஷ்பேமன். நியூற்று எனும் வாலுடைய ஈரூடகவாழியின் முளையத்திலே, தோலாக வேண்டிய பகுதியையும் நரம்பாக வேண்டிய பகுதியையும் அவர் இடம்மாற்றி ஒட்டினார். குடல் உருவாகும் பருவத்தின் தொடக்கத்தில் மாற்றியவை புதிய இடத்துக்கேற்பவே வளர்ந்தன. பருவம் முடியுந் தறுவாயில் மாற்றியவையோ பழைய இயல்பினின்றும் வழுவவில்லை. ஊழ் முடிவாகும் காலம் இவ்விடைவெளியே என்பது புலனாயிற்று.

அவ்வூழை விதிப்பது யாது? பிறைபைர்க் பல்கலைக்கழகத்தில் அவருடைய மாணவி ஹில்டெ மன்கோல்ட் இதனை ஆராய்ந்தார். நிறமற்ற நியூற்று இனமொன்றின் முளையத் துளையின் மேலுதட்டிலிருந்து சிறு துண்டொன்றை வெட்டி, நிறமுடைய இனத்தின் முளையத்தில் வேறோரிடத்தில் ஒட்டினார். ஆங்கே இரண்டாவது முளையமொன்று உருவாயிற்று! அதன் நரம்புக்குழாய் பெரும்பாலும் நிறமுள்ள கலங்களால், அதாவது ஏற்ற முளையத்தின் சொந்தக் கலங்களால் ஆகியிருந்தது. தோலாகியிருக்க வேண்டியவற்றை, அயலில் வந்த துண்டு நரம்பாக்கிவிட்டது. நிறவேறுபாடு இல்லாதிருப்பின் இவ்வுண்மை தெரிந்திராது. இவ்வாய்வின் நுட்பம் முழுவதும் அதிலேயே அடங்கியுள்ளது.

ஹில்டெயின் கலாநிதிப் பட்ட ஆய்வே இது. 1924இல் ஷ்பேமனின் பெயரை முதலிலிட்டு வெளியாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பரிலேயே, இருபத்தைந்து வயதில், தீவிபத்தொன்றில் அவர் உயிர்நீத்தார். 1935இல் நோபெல் பரிசு ஷ்பேமனுக்கு மாத்திரம் கிடைத்தது. அந்நுண்ணிய வேலையைச் செய்த கைகளை நாம் மறத்தல் முறையன்று.

பின்னர் 1962இல் ஜோன் கேடன், ஆபிரிக்கத் தவளையின் வாற்பேத்தைக் குடற்கலத்தின் கருவை, கருநீக்கிய முட்டையில் வைத்தார். அவற்றுட் சில நன்கு வளர்ச்சியுற்றன. குடலென முடிவாகிய கலத்தின் கருவிலும் முழுவுடலுக்குரிய குறிப்பு அழியாதிருந்தது.