கடம்பூர் மாளிகையின் இருட்டு: ஆதித்த கரிகாலன் மரணம், நாவலிலும் திரையிலும்

மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்றும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்றும் வெளிவந்தன. அப்போது நடந்த விவாதங்களில் பெரும்பகுதி கணக்கெடுப்பாகவே முடிந்தது. எந்தக் காட்சி விடுபட்டது, எந்தப் பாத்திரம் காணாமற்போனது, யாருக்கு எந்த வேடம் பொருந்தவில்லை என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். இப்பட்டியல்களுக்கு அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது. நூலில் இருப்பவை சொற்கள் மட்டுமே. முகங்களை வாசகன் தானே மனத்தில் வரைந்துகொள்கிறான். திரைப்படம் வந்து அந்த முகங்களைத் துடைத்துவிட்டுத் தன் முகங்களை ஒட்டுகிறது என்பதே அது. மூல நாவலை எழுதிய கல்கியின் விஷயத்தில் இந்த அனுமானம் செல்லாது.

1939-இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘தியாகபூமி’யை நினைவுகூர வேண்டும். கல்கி எழுதிய அந்தக் கதை ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருந்தபோதே படமும் தயாராகிக்கொண்டிருந்தது. ஓவியங்களுக்குப் பதிலாகப் படத்தின் புகைப்படங்களே தொடருடன் அச்சாயின. சம்பு சாஸ்திரி என்றால் பாபநாசம் சிவன், சாவித்திரி என்றால் எஸ்.டி. சுப்புலட்சுமி என்றே விகடன் வாசகர் படித்தார். நூல் முந்தியதா, படம் முந்தியதா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

பதினொரு ஆண்டுகள் கழித்து, 1950 அக்டோபரில், ‘பொன்னியின் செல்வன்’ கல்கி இதழில் தொடங்கியபோது மணியத்தின் ஓவியங்கள் உடன் வந்தன. 1954 வரை மூன்றரை ஆண்டுக்காலம் வந்தியத்தேவனும் குந்தவையும் நந்தினியும் வாரந்தோறும் கோடுகளாகவும் கண்முன் நின்றார்கள். பின்னர் அதே இதழ் தொடரை மறுபடி மறுபடி வெளியிட்டபோது ஓவியர்கள் மாறினார்கள். பிற்காலத்து வாசகர்களில் ஒரு தலைமுறைக்கு நந்தினியின் முகத்தைத் தந்தவர் பத்மவாசன். ஆக, முகம் மாறுவது இந்தக் கதைக்குப் புதிதன்று. ஐஸ்வர்யா ராயின் முகம் அந்த வரிசையில் இன்னொன்று, அவ்வளவே.

அப்படியானால் நூலுக்கும் படத்துக்கும் உள்ள உண்மையான வேறுபாட்டை எங்கே தேடுவது? ஒரு செய்தியை யார், எவ்வளவு காலம், எந்த உரிமையோடு மறைத்து வைக்கிறார்கள் என்பதில் தேட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். கல்கியின் கதைசொல்லி மறைப்பதை ஒளிக்காதவர். முதல் அத்தியாயத்திலேயே வாசகரைக் கற்பனை ஓடத்தில் ஏற்றிக்கொண்டு காலத்தில் பின்னோக்கிச் செலுத்துகிறார். பிறகும் அடிக்கடி குறுக்கிட்டு, இவரை இங்கே விட்டுவிட்டு அவரைப் போய்ப் பார்ப்போம் என்கிறார். அடுத்த வாரம்வரை காத்திருக்கச் சம்மதித்த வாசகருக்கும் அவருக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. படத்தின் தமிழ் வடிவமும் கமல்ஹாசனின் குரலோடுதான் தொடங்குகிறது. ஆனால் அந்தக் குரல் முன்கதையைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறது. இடையில் வந்து நம் பொறுமையைக் கேட்டு வாங்குவதில்லை.

இவ்வேறுபாடு முற்றிப் பழுக்கும் இடம் கடம்பூர் சம்புவரையர் மாளிகை. நான்காம் பாகமான ‘மணி மகுட’த்தின் இறுதியில் சோழப் பட்டத்து இளவரசன் கரிகாலனும் அவனுடைய பழைய காதலி நந்தினியும் ஓர் அறையில் எதிரெதிரே நிற்கிறார்கள். கரிகாலனின் தூதன் வந்தியத்தேவன் அங்கேயே யாழ்க் களஞ்சியத்தில் ஒளிந்திருக்கிறான். நாவல் முழுவதும் நமக்காகக் கதவிடுக்கிலும் சுரங்கப்பாதையிலும் நின்று பார்த்த கண் அவனுடையதுதான். அந்தக் கண் பயன்பட வேண்டிய கணத்தில் அவன் கழுத்தை ஒரு கை நெரிக்கிறது, விளக்கு அணைகிறது, எங்கும் இருள். வெளிச்சம் வரும்போது கரிகாலன் உயிரோடு இல்லை. மூன்று பாகங்களுக்கு மேல் ஒற்றுப்பார்த்தே பிழைத்தவனை, பார்த்தே ஆக வேண்டிய ஒன்றைப் பார்க்க முடியாதவனாக்கியது சாதாரண உத்தியன்று. நாவலின் மிகச் சிறந்த தொழில்நுட்பம் இதுவே என்பது என் துணிபு.

இருளுக்குப் பிறகு வாக்குமூலங்கள் பெருகுகின்றன. சம்புவரையரின் மகன் கந்தமாறன் வந்தியத்தேவன்மேல் குற்றம் சுமத்துகிறான். வந்தியத்தேவனைக் காப்பாற்ற, தானே கொன்றதாக அவனைக் காதலிக்கும் மணிமேகலை, கந்தமாறனின் தங்கை, சொல்கிறாள். பின்னர் நந்தினியின் கணவர் பெரிய பழுவேட்டரையர் பழியைத் தன்மேல் ஏற்று உயிரை விடுகிறார். ரவிதாசன் கூட்டத்தின் சதியோ தொடக்கத்திலிருந்தே நமக்குத் தெரியும். கொலைக்கு ஆள் கிடைக்காமல் இல்லை. தேவைக்கு மேல் கிடைக்கிறார்கள். அதனாலேயே எவரையும் உறுதியாகச் சுட்ட முடியவில்லை.

இது தொடர்கதைக்காரரின் வெறும் சாமர்த்தியம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உண்டு. பாண்டியன் தலைகொண்ட கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை அது குறிப்பிடுகிறது. அவர்களுடைய உறவினரின் நிலங்கள் பறிமுதலானதைப் பேசுகிறது. ஏன் கொன்றார்கள், யார் ஏவினார்கள் என்பதைச் சொல்வதில்லை. இந்த மௌனத்தை வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி, பின்னர் அரியணையேறிய உத்தம சோழன்மேல் ஐயம் எழுப்பி நிரப்பினார். குடவாயில் பாலசுப்ரமணியன் அதை மறுத்தார். கல்லில் இருந்த பெயர்களை எடுத்துக்கொண்ட கல்கி, கல்லில் இருந்த மௌனத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்.

திரைப்படம் வேறு வழியில் போகிறது, அது தற்செயலன்று. நாவல் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில், குதிரைமேல் வரும் வந்தியத்தேவனோடு தொடங்குகிறது. கரிகாலனைப் பற்றிப் பலர் பேசக் கேட்கிறோமே தவிர, அவனை நேரில் காண முதல் பாகத்தின் பிற்பகுதியில் மாமல்லபுரம் வரும்வரை காத்திருக்க வேண்டும். படமோ இராட்டிரகூடர்களுடனான போரில், வாளேந்திய கரிகாலனோடு தொடங்குகிறது. இரண்டாம் பாகம் தொடங்குவது இளவயதுக் கரிகாலன், நந்தினி காதலில். கதையின் முதுகெலும்பு அங்கேயே மாறிவிட்டது. கல்கி எழுதியது அரச சதியைத் துருவும் மர்மக் கதை; மணிரத்னம் எடுத்தது முறிந்த காதலின் துன்பியல். துன்பியலில் சாவுக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும். எனவே கடம்பூர் அறையில் விளக்கு அணைவதில்லை. இரு முகங்களும் அண்மைக் காட்சியில் நிற்க, கத்தி பாயும் கணமும் அதில் கரிகாலனின் சம்மதமும் நமக்குத் தெரிந்துவிடுகின்றன. மணிமேகலை படத்தில் அறவே இல்லாததையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நேரம் போதாமல் ஒரு துணைக் காதலை வெட்டினார்கள் என்று சொல்வது எளிது. ஆனால் கொலை ஐயமறத் தெரிந்துவிட்ட கதையில், பொய் வாக்குமூலம் தருபவளுக்கு வேலை ஏது?

காட்டுவதுதான் சினிமாவின் இயல்பு, அதனால் மறைக்க முடியாது என்று இங்கே ஒருவர் சொல்லலாம். அது தவறு. கல்கி இதழில் இத்தொடர் தொடங்கிய அதே 1950-இல்தான் குரோசாவாவின் ‘ராஷோமான்’ வந்தது. அகுதகவாவின் சிறுகதையிலிருந்து எடுக்கப்பட்ட அந்தப் படத்தில் கொள்ளைக்காரன், மனைவி, செத்தவனின் ஆவி ஆகிய மூவரும் கொலையைத் தத்தம் செயலாகவே சொல்கிறார்கள். ஒவ்வொன்றையும் நாம் கண்ணால் பார்க்கிறோம். எதையும் நம்ப முடியவில்லை. கடம்பூர்க் கொலைக்கு நெருங்கிய உறவு என்று ஒரு படத்தைச் சொல்வதானால் நான் இதைத்தான் சொல்வேன். ஆகவே நம் படம் இருட்டை விலக்கியதற்குக் காரணம் ஊடகத்தின் வரம்பு ஆகாது. கரிகாலனாக நடித்த விக்ரமையும் ஐஸ்வர்யா ராயையும் எதிரெதிரே நிறுத்தி, ஏறத்தாழ ஐந்தரை மணி நேரக் கதையின் சுமையை அந்தச் சந்திப்பின்மேல் ஏற்றிவிட்டு, அக்கணத்தில் விளக்கை அணைத்தால் திரையரங்கு பொறுக்காது. வார இதழ் வாசகர் பொறுத்தார். பொறுத்தவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. தொடர் முடிந்ததும் யார் என்ன ஆனார்கள் என்று கேட்டு எழுதினார்கள். கல்கி அதற்கென்றே ஒரு முடிவுரை எழுத வேண்டியிருந்தது. திரையரங்கில் அப்படியொரு முடிவுரைக்கு இடமில்லை.

இதைப் படத்தின்மேல் ஒரு குற்றப்பத்திரிகையாகப் படிக்க வேண்டியதில்லை, ஏனெனில் தெளிவாக்கும் அதே மனப்போக்கு வேறோர் இடத்தில் நாவலைவிட நல்ல விளைவைத் தந்திருக்கிறது. நாவலின் முடிவில் உத்தம சோழனாக முடிசூடுபவன் சேந்தன் அமுதன். பிறந்தபோதே குழந்தைகள் இடம்மாறிய கதை வெளிப்பட்டு, பூத்தொடுத்துக்கொண்டிருந்தவன் செம்பியன் மாதேவியின் மகனாகிறான். அரியணைக்கு ஆசைப்பட்ட மதுராந்தகனைக் கதையிலிருந்து நகர்த்தவும், பின்னாளில் இராசராசனாகும் அருள்மொழி அரியணையை விட்டுக்கொடுக்கும் தியாகத்துக்குத் தகுதியான ஒருவனை உட்கார வைக்கவும் கல்கிக்கு இந்த முடிச்சு தேவைப்பட்டது. அதை அவிழ்க்கும் அத்தியாயங்கள் அலுப்பூட்டுபவை என்பதை அவருடைய அன்பர்களும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். படம் இந்த இடமாற்றத்தைக் கைவிட்டு, ரகுமான் ஏற்ற மதுராந்தகனுக்கே முடியைச் சூட்டுகிறது. ஆசைப்பட்டவனுக்கே அருள்மொழி விட்டுக்கொடுப்பது, நல்லவனுக்கு விட்டுக்கொடுப்பதைவிடக் கடினமான செயல். உத்தம சோழனுக்குப் பிறகே இராசராசன் 985-இல் அரியணை ஏறினான் என்ற வரலாற்றுக்கும் அது நெருக்கமாக நிற்கிறது. முடிசூட்டில் வரலாற்றின் பக்கம் வந்த படம், கொலையில் அதைவிட்டு விலகுகிறது. அங்கே உடையார்குடிக் கல்லின் பக்கம் நிற்பது நாவல்.