மேஸ் பின்னுவது வெள்ளைக்காரர் வேலையா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை தரம் 8 வகுப்புக்கு ஒரு பிள்ளை தன் அம்மம்மா பின்னிய ஒரு சோடி மேஸ் கொண்டுவந்திருந்தாள். வெள்ளை நூலில் நீலப் பூக்கள். கனடாவில் இருக்கும் பேரப்பிள்ளைக்கு அனுப்பப் பின்னியதாம். பின்வாங்கில் இருந்த ஒரு பையன், "டீச்சர், இது வெள்ளைக்காரற்ற வேலை. எங்கட வெக்கைக்கு ஆருக்கு மேஸ்?" என்றான். வகுப்பே சிரித்தது. அந்தப் பிள்ளை அதை உடனே பைக்குள் வைத்துவிட்டாள். மணியும் அடித்துவிட்டதால் நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதில்தான் இது.

பையனில் முழுப் பிழை இல்லை. "மேஸ்" என்ற சொல்லே போர்த்துக்கேயரின் "மெயாஸ்" தான். 1824இல் அமெரிக்க மிஷன் உடுவிலில் பெண்கள் பாடசாலை தொடங்கிய காலம் முதல் ஊசிவேலை என்றால் மிஷன் பள்ளிக்கூடம் என்றே எங்கள் மனதில் பதிந்துவிட்டது. அதனால் பின்னலே குளிர் தேசத்தில் பிறந்தது என்று நினைக்கிறோம்.

உண்மை அப்படி இல்லை. எகிப்தில் 1,600 ஆண்டுகளுக்கு முந்திய கம்பளிக் காலுறைகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அவை ஒற்றை ஊசியால் முடிச்சுமுடிச்சாகச் செய்தவை. இன்று நாம் பின்னல் என்று சொல்லும் முறையில், ஊசிகளில் கண்ணிகளை ஏற்றி இறக்கிப் பின்னிய மிகப் பழைய காலுறைகளும் எகிப்தில்தான் கிடைத்தன. அவற்றில் ஒன்று வாஷிங்டன் துணி நூதனசாலையில் இருக்கிறது. 11ஆம், 12ஆம் நூற்றாண்டுக்கு உரியது. அது கம்பளி இல்லை, பருத்தி. வெள்ளை நூலும் அவுரி நீல நூலும் சேர்த்துக் கோலம் போட்டது. அங்கு கிடைத்த பின்னல் துண்டுகள் சிலவற்றில் கூஃபி அரபு எழுத்தின் வடிவில் கோலங்கள் உண்டு. வெக்கை நாட்டில், பருத்தி நூலில், முஸ்லிம் சமூகத்தின் கைகளில் வளர்ந்த வேலை இது. வுழூவில் காலுறை மேல் மஸ்ஹு செய்வது பற்றிய ஹதீஸில் வரும் "ஜவ்ரப்" என்ற சொல்தான் அரபியில் இன்றும் மேஸுக்குப் பெயர்.

அதைப் பின்னியவர் கால்விரலில் தொடங்கி மேலே போயிருக்கிறார். குதிக்காலைக் கடைசியில்தான் வைத்திருக்கிறார். முதலில் தேய்வது குதிக்கால். தேய்ந்தால் அதை மட்டும் அவிழ்த்துப் புதிதாகப் பின்னலாம். மிச்சம் அப்படியே இருக்கும். இது தெரிந்த கையின் வேலை.

இரண்டு நிறப் பூப்பின்னலின் சூட்சுமம் உள்பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு நூலும் கூடவே ஓடும். நீலம் முன்னுக்கு வரும்போது வெள்ளை பின்னால் போகும். பிறகு மாறும். பின்னால் ஓடும் நூலை இழுத்துப் பிடித்தால் மேஸ் சுருங்கிக் காலுக்குள் ஏறாது. நீளமாகத் தொங்கவிட்டால் விரல் அதில் மாட்டும். அதனால்தான் ஒரே நிறம் அதிக தூரம் ஓடாதபடி பூக்களைச் சின்னதாக, நெருக்கமாக அமைப்பார்கள். எண்ணிக்கை தவறினால் பூ கோணும். கணக்குத் தெரியாதவருக்கு இந்த வேலை வராது.

ஐரோப்பாவுக்கு இது எப்படிப் போனது? ஸ்பெயினின் புர்கோஸ் நகரில் லாஸ் உவெல்காஸ் என்ற கிறிஸ்தவ மடம் உண்டு. 1275இல் இறந்த காஸ்தீல் இளவரசர் ஃபெர்னாண்டோவின் கல்லறையில் அங்கே ஒரு பட்டுத் தலையணை கிடைத்தது. அதே இரண்டு நிறப் பின்னல்தான். பூக்கள், கழுகுகள், கோட்டைகள் எல்லாம் உண்டு. ஓரத்தில் அரபு எழுத்தில் "பரக்கா". நாம் "பறக்கத்" என்கிறோமே, அதே சொல். கிறிஸ்தவ இளவரசரின் தலைக்குக் கீழே முஸ்லிம் கைவினைஞரின் வேலை. ஐரோப்பாவில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய பின்னல்களில் அது ஒன்று.

இப்போது எங்கள் ஊருக்கு வருவோம். எகிப்தில் அந்த மேஸ்கள் பின்னப்பட்ட காலத்தோடு சேர்ந்த காலத்தில்தான் முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) நயினாதீவுக் கல்வெட்டை வெட்டுவித்தான். இன்றும் அது நாகபூசணி அம்மன் கோவிலில் இருக்கிறது. தமிழில் எழுதியது. பரதேசிகள் ஊராத்துறைக்கு வந்து கூடவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும் என்கிறது. ஆனை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்குதான் அரசுக்கு, மூன்று பங்கு உடையவருக்கு. வேறு சரக்குக் கப்பல் என்றால் சரிபாதி. ஊராத்துறை என்பது எங்கள் ஊர்காவற்றுறைதான். அந்த நாளில் குதிரை வந்தது அரபு, பாரசீகக் கரைகளில் இருந்து. அதே கடல் வழியில்தான் இந்தியப் பருத்தித் துணி எகிப்துக்குப் போனது. ஆகவே அந்த நூலும் நீலமும் எங்களுக்கு அந்நியமான உலகத்தின் பொருட்கள் அல்ல.

கல்வெட்டில் அரசனின் பெயர் இருக்கிறது. மேஸில் பின்னியவரின் பெயர் இல்லை. எனக்கு உறைப்பது அதுதான். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களான நாங்கள் வெளியேற்றப்பட்டபோது, உம்மம்மா கொக்கி ஊசியால் பின்னிய தொழுகைத் தொப்பிகள் இருந்த பெட்டி வீட்டோடு நின்றுவிட்டது. அதில் ஒரு தொப்பிகூட இன்று என்னிடம் இல்லை. அதே காலத்தில் தீவகத்துத் தமிழ்க் குடும்பங்களும் சட்டிபானையை விட்டு ஓடின. உங்கள் அம்மம்மாக்களின் பெட்டிகளும் அப்படித்தான் போயிருக்கும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய பின்னல் ஏதும் மிஞ்சியிருந்தால், கிழிந்தது என்றாலும் எறியாதீர்கள். பின்னியவரின் பெயரையும் ஊரையும் ஒரு கடதாசியில் எழுதி அதோடு வையுங்கள். ஆள் உயிரோடு இருந்தால் பக்கத்தில் இருந்து ஒரு பூவாவது பழகிக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளையிடம் மேஸைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். இந்தமுறை உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டப்போகிறோம். ஓடும் நூல்களை எண்ணுவது அந்தப் பையனின் வேலை.