புள்ளியியல் வீட்டில் ஒரு டைனோசர்

கொல்கத்தாவுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் காளிகாட், விக்டோரியா நினைவு மண்டபம், தட்சிணேஸ்வரம் என்று ஒரு சுற்று காட்டிவிட்டு, லேக் மார்க்கெட் பக்கம் டிபன் வாங்கிக் கொடுத்து ரயிலேற்றி விடுவது இங்கிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். தட்சிணேஸ்வரத்துக்குப் பி.டி. ரோடு வழியாகப் போனால் நடுவில் பாராநகர் வரும். அங்கேதான் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இருக்கிறது. இங்கே எல்லோருக்கும் அது ஐ.எஸ்.ஐ. அதன் நிலவியல் அருங்காட்சியகத்தில் சுமார் 14 மீட்டர் நீளமுள்ள ஒரு டைனோசரின் எலும்புக்கூடு நிற்கிறது. கணக்குப் போடுகிற இடத்தில் டைனோசருக்கு என்ன வேலை என்று கேட்காதவர்கள் குறைவு. நியாயமான கேள்விதான். பதில் சொல்ல ஒரு நூறு வருஷம் பின்னால் போகவேண்டும்.

பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் என்ற வங்காளி இளைஞர் கேம்பிரிட்ஜில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தார். அதே சமயத்தில்தான் நம் ராமானுஜனும் அங்கே இருந்தார். குளிரில் ராத்திரியெல்லாம் தூக்கமில்லை என்று சொன்ன ராமானுஜனுக்கு, கம்பளிகளை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்று காட்டிக் கொடுத்தவர் மகாலனோபிஸ். அதுவரை ராமானுஜன் விரித்த படுக்கையின் மேலேயே ஓவர்கோட்டைப் போர்த்திப் படுத்திருக்கிறார். வெளியூர் போய் முதல் குளிர்காலத்தைப் பார்த்த நமக்கெல்லாம் புரிகிற கதை :-)

1915இல் ஊர் திரும்பும் நேரத்தில் உலகப்போரால் கப்பல் தாமதமானது. அந்த இடைவெளியில் கல்லூரி நூலகத்தில் 'பயோமெட்ரிகா' என்ற ஆய்விதழின் தொகுதிகள் மகாலனோபிஸின் கண்ணில் பட்டன. உயிரினங்களை அளந்து கணக்கிடுவது பற்றிய இதழ் அது. மொத்தத் தொகுதிகளையும் வாங்கிக் கப்பலிலேயே படிக்க ஆரம்பித்துவிட்டார். கல்கத்தாவில் பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர் வேலை, மிச்ச நேரத்தில் புள்ளியியல். இந்த நாட்டில் அப்போது அது தனிப் படிப்பாகக்கூட இல்லை.

அவர் முதலில் எடுத்த விஷயங்களைப் பாருங்கள். 1922இல் வெளியான ஆய்வு, கல்கத்தா ஆங்கிலோ இந்தியர்களின் உடல் அளவுகள் பற்றியது. அதே வருஷம் வட வங்காளத்தில் பெருவெள்ளம். தண்ணீரைத் தேக்கி வைக்கப் பெரும் செலவில் நீர்த்தேக்கங்கள் கட்டலாம் என்று யோசனை வந்தது. மகாலனோபிஸ் சுமார் ஐம்பது வருஷ மழைக் கணக்கை எடுத்துப் பார்த்துவிட்டு, அதனால் பிரயோஜனமில்லை, தண்ணீர் சீக்கிரம் வடிய வழிதான் வேண்டும் என்றார். 1926இல் ஒரிசாவில் பிராமணி ஆற்று வெள்ளம். ஆற்றுப் படுகை மேடாகிவிட்டது, கரைகளை உயர்த்தவேண்டும் என்றார்கள் பொறியாளர்கள். பழைய பதிவுகளைக் கணக்கிட்டு, படுகை உயரவில்லை, மேலே பெய்த மிகுதியான மழைதான் காரணம் என்று காட்டினார். ஒரு இயற்பியல் வாத்தியார் மானிடவியலிலும் நீரியலிலும் மூக்கை நுழைக்கிறாரே என்று அன்றைக்குச் சிலர் முகம் சுளித்திருக்கலாம்!

1931 டிசம்பரில் பிரசிடென்சி கல்லூரியின் ஒரே அறையில் ஐ.எஸ்.ஐ. பிறந்தது. முதல் வருஷச் செலவு 250 ரூபாய்க்கும் குறைவு. 1933இல் தொடங்கிய ஆய்விதழுக்கு 'சாங்க்யா' என்று பெயர் வைத்தார்கள். எண் என்பதும் தெளிந்த அறிவு என்பதும் அந்தச் சமஸ்கிருதச் சொல்லில் சேர்ந்தே இருக்கின்றன என்பது மகாலனோபிஸின் விளக்கம். தமிழில் நமக்கு விளக்கமே வேண்டாம். எண்ணுவது என்றால் கணக்கிடுவதும் அதுதான், யோசிப்பதும் அதுதான்.

பின்னால் அந்த ஒரு அறைக்குள் வந்து சேர்ந்தவர்களின் பட்டியல் விசித்திரமானது. சி.ஆர். ராவ் அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த ஹடகளியில் பிறந்தவர். 1940இல் ராணுவத்தின் சர்வே பிரிவில் ஒரு வேலைக்காகக் கல்கத்தாவுக்கு வந்தார். அந்த வேலை கிடைக்கவில்லை. தங்கிய இடத்தில் புள்ளியியல் பயிற்சிக்கு வந்திருந்த ஒருவரைப் பார்த்து, அவர் சொல்லி ஐ.எஸ்.ஐ.யைத் தெரிந்துகொண்டு, 1941 ஜனவரியில் சேர்ந்தார். 1945இல் அவர் எழுதிய கட்டுரையை இன்று உலகம் முழுக்கப் பாடமாக வைத்திருக்கிறார்கள். அடுத்த வருஷம் அவரைக் கேம்பிரிட்ஜுக்குக் கூப்பிட்டது எதற்குத் தெரியுமா? சூடானில் ஜெபல் மோயா என்ற இடத்தில் தோண்டியெடுத்த பழைய எலும்புகளை அளந்து கணக்கிட! 2023இல், 102 வயதில் காலமானார்.

1957இல் வந்தவர் பிரிட்டிஷ் உயிரியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன். ஏழை நாட்டில் விலையுயர்ந்த கருவி இல்லாமலே நல்ல உயிரியல் செய்யலாம், கண்ணால் பார், எண்ணு, எழுதி வை என்பது அவர் கட்சி. எஸ்.கே. ராய் பவளமல்லிப் பூக்களின் இதழ்களை எண்ணினார். காலையில் வாசலில் உதிர்ந்து கிடக்குமே, அதே பூதான். காயங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த டி.ஏ. டேவிஸ், ஹால்டேன் அழைத்து இங்கே வந்தார். தென்னை மட்டைகள் தண்டில் சுருளாக ஏறும். சில மரங்களில் இடப்பக்கமாக, சிலவற்றில் வலப்பக்கமாக. டேவிஸ் தோப்பு தோப்பாகப் போய் எண்ணினார். இந்த இட வல வித்தியாசம் தாய்மரத்திலிருந்து கன்றுக்கு வருவதில்லை என்று 1962இல் எழுதினார். பிற்காலத்தில் நாகர்கோவிலில் ஹால்டேன் பெயரிலேயே ஒரு ஆய்வு மையம் நடத்தினார். சின்ன வயதிலிருந்து தென்னையைப் பார்க்கும் நம்மில் எத்தனை பேர் அண்ணாந்து அதைக் கவனித்திருப்போம்?

டைனோசர் இப்படித்தான் வந்தது. பமேலா ராபின்சன் என்ற லண்டன் தொல்லுயிரியல் அறிஞரை மகாலனோபிஸ் வரவழைத்து, நிலவியல் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். அந்தப் பிரிவினர் பிராணஹிதா கோதாவரிப் பள்ளத்தாக்கில் தோண்டி, குறைந்தது ஆறு விலங்குகளின் சுமார் 300 எலும்புகளை எடுத்தார்கள். 1975இல் அதற்கு வைத்த பெயர் பாராபாசாரஸ் டாகோரி. 'பொடோ பா' என்றால் வங்காளியில் பெரிய கால். 'டாகோரி' என்பது ரவீந்திரநாத் தாகூருக்காக. அவருடைய நூற்றாண்டான 1961ஐ ஒட்டிக் கிடைத்த எலும்புகள் அவை.

அப்புறம் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். நூலகத் துறையையே மாற்றியவர். 1962இல் பெங்களூரில் அவர் தொடங்கிய ஆவணவியல் மையம் ஐ.எஸ்.ஐ.யின் ஒரு பிரிவு. ராமானுஜனின் கம்பளிக் கதையை மகாலனோபிஸிடம் கேட்டுத் தன் நூலில் பதிவு செய்தவரும் ரங்கநாதன்தான். 1959இல் சென்னையிலிருந்து வந்து சேர்ந்த எஸ்.ஆர். சீனிவாச வரதன், 1963இல் இங்கே முனைவர் பட்டம் பெற்று, 2007இல் கணிதத்துக்கான ஏபெல் பரிசு வாங்கினார்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. மகாலனோபிஸுடன் ஒத்துப்போகாமல் ஹால்டேன் 1961இல் வெளியேறினார். வரதன் போன்றவர்கள் அமெரிக்கா போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். 1950இல் இங்கே உருவான தேசிய மாதிரி ஆய்வு, 1970களின் தொடக்கத்தில் அரசின் கைக்குப் போனது. முதலில் சொன்ன உடல் அளவு ஆராய்ச்சியின் அடிப்படையும் இன்று நிற்காது. தலையையும் மூக்கையும் அளந்து மனிதர்களை இனம் பிரிப்பதை அறிவியல் கைவிட்டுவிட்டது. ஆனால் அந்த அளவுகளை ஒப்பிட அவர் 1936இல் முழுமையாக்கிய 'மகாலனோபிஸ் தூரம்' என்ற கணக்கு உயிரோடு இருக்கிறது. பல அளவுகள் சேர்ந்த தரவுக் குவியலில் எது மற்றவற்றோடு ஒட்டாமல் தனித்து நிற்கிறது என்று கண்டுபிடிக்க இன்றும் அதை எடுக்கிறார்கள். சாஃப்ட்வேர் பக்கம் இருக்கும் நம்மவர்களில் சிலர் இந்த மாதமே அதைப் பயன்படுத்தியிருப்பார்கள்.

இந்தச் சரித்திரத்தை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. நம் குடும்பங்களில் பத்தாம் வகுப்பு முடிந்ததும் நடக்கும் பேச்சு எல்லோருக்கும் தெரியும். ஃபர்ஸ்ட் குரூப்பா, பயாலஜியா என்பதோடு முடிந்துவிடும். இங்கே தெரிந்த ஒரு வீட்டில் பையன் சமூகவியல் எடுக்கிறேன் என்றபோது, "அதை வெச்சு என்னப்பா பண்ணுவே?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். சம்பளக் கவலை பொய்யில்லை. வெளியூரில் வாடகை கட்டிப் பிழைக்கிறவர்களுக்கு அது புரியும். ஆனால் ஐ.எஸ்.ஐ.யில் சமூகவியலுக்கும் தனி இடம் இருந்தது. ராமகிருஷ்ண முகர்ஜி பல காலம் அதை அங்கே வளர்த்தார். 1956இல் நாட்டின் முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியதும் அதே இடத்தில்தான். இரண்டையும் ஒரே கூரைக்கடியில் வைத்துக்கொள்ள அவர்களுக்குச் சங்கடமாக இல்லை.

1959இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி ஐ.எஸ்.ஐ.யைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. 2025இல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய மசோதா வரைவு ஒன்றை மத்திய அரசு வெளியிட்டது. நிறுவனத்தின் சுதந்திரம் போய்விடும் என்று ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்தார்கள். அந்த வாதங்களுக்குள் நான் போகவில்லை. எந்தச் சட்டம் வந்தாலும் ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்து எண்ணுகிற ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து, எதற்கு என்று உடனே கேட்காமல் இருக்கும் பொறுமை அங்கே மிஞ்சியிருக்குமா? அதே பொறுமை நம் வீடுகளில் எவ்வளவு இருக்கிறது என்பதையும், அடுத்த பிள்ளை பத்தாம் வகுப்பு முடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.